சின்ன நெட்வொர்க்கில் சப்நெட் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பதிலிருந்து இருநூறு கருவிகள் வரை உள்ள ஒரு நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காக எழுதியது. கணக்கு எப்படிப் போடுவது என்று கேட்பவர்களைவிட, கணக்குப் போட்டு முடித்த பிறகு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் பதில்களும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

சப்நெட் என்றால் என்ன? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஐபி பதிப்பு 4 முகவரி என்பது 32 பிட். நாம் படிக்க வசதியாக, எட்டு எட்டு பிட்டாக நான்கு எண்களாக எழுதுகிறோம்: 192.168.10.77. இந்த 32 பிட்டில் முன்பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கும், பின்பகுதி அந்த நெட்வொர்க்குக்குள் இருக்கும் கருவியைக் குறிக்கும். முன்பகுதி எங்கே முடிகிறது என்று சொல்வதுதான் சப்நெட் மாஸ்க்.

வயலில் போடும் வரப்பு மாதிரி. வரப்பை நகர்த்தலாம், ஒரு வயலை இரண்டாக்கலாம், நான்காக்கலாம். மொத்த நிலம் கூடாது. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வயல் வரப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சப்நெட் வரப்பு கேபிளிலும் இல்லை, பாக்கெட்டிலும் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டிலும்) இல்லை. ஐபி பாக்கெட்டின் தலைப்பில் மாஸ்க் என்று ஒரு புலமே கிடையாது. ஒவ்வொரு கருவியும் தன் மாஸ்க்கைத் தானே வைத்துக்கொண்டு, "இந்த முகவரி என் வயலுக்குள்ளா, வெளியிலா" என்று தானே முடிவு செய்கிறது. உள்ளே என்றால் நேராகக் கூப்பிடும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரிடம், தள்ளிவிடும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

என்னிடம் மொத்தமே அறுபது கருவிகள். பிரித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். பிராட்காஸ்ட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரப் போகும் செய்தி, அதிகமாகி நெட்வொர்க் மெதுவாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். இன்றைய ஸ்விட்சுகளில் இருநூறு கருவிகள் ஒரே /24-இல் (256 முகவரிகள் கொண்ட ஒரே சப்நெட்டில்) இருந்தாலும் பிராட்காஸ்ட் ஒரு பொருட்டே இல்லை.

யார் யாரோடு பேசக் கூடாது என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் பிரியுங்கள். வந்துபோகிறவர்களின் கைபேசிகள் கணக்கு வைத்திருக்கும் சர்வரைத் தொடக் கூடாது. கேமராக்கள் இணையத்துக்கே போகக் கூடாது. ஸ்விட்சுகளின் நிர்வாகப் பக்கம் எல்லோருக்கும் திறக்கக் கூடாது. இப்படி எதுவும் இல்லாமல், பிரித்தால் நன்றாக இருக்குமே என்பதற்காகப் பிரித்தால் வேலைதான் கூடும்.

/24, /26 என்கிறார்கள், 255.255.255.192 என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான். மாஸ்க்கை பிட்டாக எழுதினால் முன்னால் வரிசையாக 1, பின்னால் வரிசையாக 0. எத்தனை 1 என்பதுதான் ஸ்லாஷுக்குப் பிறகு வரும் எண். /26 என்றால் 26 ஒன்றுகள். முதல் 24 மூன்று 255 ஆகிவிடும், மிச்சம் இரண்டு ஒன்றுகள் 11000000, அதாவது 192.

ஒன்றுகள் இடையில் விட்டுவிட்டு வராது என்பதால் மாஸ்க்கில் வரக்கூடிய எண்கள் ஒன்பதே ஒன்பதுதான்: 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255. யாராவது 255.255.255.200 என்று எழுதிக் கொடுத்தால் கணக்குப் போடாமலே தப்பு என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

'கிளாஸ் சி' என்று இன்றும் சிலர் /24-ஐச் சொல்வார்கள். அது 1981-இல் வந்த பழைய ஏற்பாடு. முகவரியின் முதல் எண்ணைப் பார்த்தே அளவு தெரிந்துவிடும். 1985-இல் ஆர்எஃப்சி 950 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் தொழில்நுட்ப ஆவணம்) அதற்குள் சப்நெட் பிரிக்க முறையான வழி வகுத்தது. 1993-இல் சைடர், அதாவது ஸ்லாஷ் எண்ணால் அளவைச் சொல்லும் முறை, வந்ததும் கிளாஸ் என்ற வகைப்பாடே தேவையில்லாமல் போனது. இன்று 10-இல் தொடங்கும் முகவரிக்கு /24 மாஸ்க் போட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

ஒரு முகவரி எந்த சப்நெட்டில் விழுகிறது என்று மனக்கணக்காகப் பார்ப்பது எப்படி?

மாஸ்க்கின் 255 அல்லாத எண்ணை 256-இலிருந்து கழியுங்கள். அதுதான் தாண்டும் அளவு. 192.168.10.77/26-ஐ எடுத்துக்கொள்வோம். மாஸ்க்கின் கடைசி எண் 192. 256 - 192 = 64. ஆக சப்நெட்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 77 என்பது 64-க்கும் 128-க்கும் நடுவில். எனவே நெட்வொர்க் முகவரி 192.168.10.64, அடுத்தது தொடங்குவதற்கு முந்தையது பிராட்காஸ்ட், 192.168.10.127. நடுவில் .65 முதல் .126 வரை கருவிகளுக்கு.

கணினி இதை வேறு மாதிரி செய்கிறது. 77 என்பது 01001101. மாஸ்க் 11000000. இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 வை என்றால் 01000000, அதாவது 64. ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம் கால்குலேட்டரே போதும். அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு சப்நெட்டிலும் ஏன் இரண்டு முகவரி வீணாகிறது?

முதலாவது நெட்வொர்க்கின் பெயர், கடைசியானது பிராட்காஸ்ட். அதனால் /26-இல் 64 இருந்தாலும் 62 கருவிகள்; /30-இல் 4 இருந்தாலும் 2. கேட்வேயும் அந்த 62-இல் ஒன்றைத் தின்னும் என்பதை எண்ணும்போது மறந்துவிடுகிறார்கள்.

விதிவிலக்கு /31. இரண்டு ரவுட்டர்களை நேருக்கு நேர் இணைக்கும் இடத்தில் பிராட்காஸ்ட் எதற்கு என்று, 2000-ஆம் ஆண்டு வந்த ஆர்எஃப்சி 3021 இரண்டு முகவரியையும் பயன்படுத்த அனுமதித்தது. இன்னொன்று: பிரித்ததில் முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் தொடக் கூடாது என்று பழைய பாடங்களில் இருக்கும். அது 1995-லேயே காலாவதியான வழக்கம். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஒரே ஒரு /24-தான் கொடுத்திருக்கிறார்கள். வேறு வேறு அளவில் எப்படிப் பிரிப்பது?

192.168.10.0/24 என்று வைத்துக்கொள்வோம். தேவை: வந்துபோகிறவர்களுக்கான வைஃபையில் நூறு கருவிகள் வரை, ஊழியர்களின் கணினிகள் நாற்பது, கேமராக்களும் அவற்றின் ரெக்கார்டரும் சேர்த்து இருபது, சர்வரும் பிரிண்டரும் ஒன்பது, ஸ்விட்சுகளின் நிர்வாகத்துக்கு ஐந்து.

பெரியதிலிருந்து சின்னதற்கு வர வேண்டும். சின்னதை முதலில் நட்டால் பெரியதற்குச் சரியான இடம் கிடைக்காது.

வைஃபை: 192.168.10.0/25. கருவிகளுக்கு .1 முதல் .126 வரை.
ஊழியர்கள்: 192.168.10.128/26. .129 முதல் .190 வரை.
கேமரா: 192.168.10.192/27. .193 முதல் .222 வரை.
சர்வர், பிரிண்டர்: 192.168.10.224/28. .225 முதல் .238 வரை.
நிர்வாகம்: 192.168.10.240/29. .241 முதல் .246 வரை.

மிச்சம் 192.168.10.248/29, எட்டு முகவரிகள். அதைத் தொடாமல் வைத்திருங்கள். 128 + 64 + 32 + 16 + 8 + 8 = 256, கணக்கு நேர்.

நிர்வாகத்துக்கு ஐந்து கருவி, கேட்வே ஒன்று, ஆக ஆறு. /29-இல் இருப்பதும் ஆறு. நாளைக்கு ஒரு ஸ்விட்ச் கூடுதலாக வந்தால் இடம் இல்லை. காகிதத்தில் பொருந்துகிறதே என்று சந்தோஷப்படும் இடம்தான் ஆறு மாதம் கழித்துக் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் இங்கே பக்கத்து /29 காலி என்பதால், இரண்டையும் சேர்த்து 192.168.10.240/28 ஆக்கிவிடலாம். காலி இடத்தைக் கடைசியில் விட்டதற்கு அதுதான் காரணம்.

இவ்வளவு நெருக்கிப் பிடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மேலே உள்ளது, மேலிடத்திலிருந்து ஒரே ஒரு /24 ஒதுக்கித் தந்தவர்களுக்கானது. அல்லது, இணையச் சேவை நிறுவனத்திடம் வாங்கிய பொது முகவரிகளுக்கானது. அங்கே ஒவ்வொன்றும் அருமை: /29 தந்தால் ஆறு, அதில் ஒன்று பெரும்பாலும் அவர்களுடைய ரவுட்டருக்கே போய்விடும், உங்களுக்கு ஐந்து.

உள் முகவரிகளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் கஞ்சத்தனம் எதற்கு? ஒவ்வொரு பிரிவுக்கும் முழு /24 கொடுத்துவிடுங்கள். ஊழியர்களுக்கு 192.168.20.0/24, கேமராவுக்கு 192.168.30.0/24, வைஃபைக்கு 192.168.40.0/24. வீலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) எண்ணையும் 20, 30, 40 என்றே வைத்துவிட்டால், முகவரியைப் பார்த்ததுமே எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். 192.168-க்குள்ளேயே இப்படி 256 இருக்கின்றன. ஐந்துக்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது. மாஸ்க் எல்லா இடத்திலும் 255.255.255.0 என்பதால் தப்பாகத் தட்டும் வாய்ப்பும் குறைவு.

எந்த எண்களை எடுத்துக்கொள்ளலாம்?

1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 மூன்று தொகுதிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் உள்ளதில்தான் தவறு நடக்கும். 172.16 முதல் 172.31 வரைதான் நம்முடையது. 172.32 என்று வைத்தால் அது யாரோ ஒருவருடைய பொது முகவரி. அந்தத் தளம் மட்டும் உங்களுக்குத் திறக்காது, ஏன் என்றும் புரியாது. 100.64.0.0/10-உம் வேண்டாம். அது சேவை நிறுவனங்கள் தங்கள் பக்கத்தில் முகவரி மாற்றம் செய்ய 2012-இல் ஒதுக்கப்பட்டது.

192.168.0.0/24, 192.168.1.0/24 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டு ரவுட்டர்கள் பல பெட்டியைப் பிரிக்கும்போதே அந்த எண்களோடுதான் வருகின்றன. ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்தின் வழியே உள் நெட்வொர்க்கில் சேரும் தனி இணைப்பு) வழியாக உங்கள் 192.168.1.50 சர்வரைத் தேடினால், அவருடைய கணினி தன் மாஸ்க்கைப் பார்த்து, "இது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே" என்று முடிவு செய்து விபிஎன் பக்கமே திரும்பாது. டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) போட்ட சர்வர் இருந்தால் 172.17.0.0/16-ஐயும் விடுங்கள், டாக்கர் வழக்கமாக அதைத்தான் தனக்கு எடுத்துக்கொள்ளும்.

/26-ஐ .32-இலிருந்து ஆரம்பிக்கக் கூடாதா? 32 முதல் 95 வரை 64 வருகிறதே?

64 வரும், சப்நெட் வராது. /26 என்பது 0, 64, 128, 192-இல் மட்டுமே தொடங்கும். நீங்கள் மனதில் 32–95 என்று நினைத்து .40-க்கும் .70-க்கும் /26 மாஸ்க் கொடுத்தால், .40 தான் 0–63-இல் இருப்பதாக நினைக்கும்; .70 தான் 64–127-இல் இருப்பதாக நினைக்கும். பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தும் ஒன்றையொன்று நேராகக் கூப்பிடாது. நீங்கள் போட்ட வரப்பை அவை ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் செருகி, முகவரியை மட்டும் பிரித்தால் போதாதா?

ஓடும். ஆனால் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடைக்காது. கம்பி ஒன்றுதான் என்பதால், வைஃபை பிரிவில் இருக்கும் ஒருவர் தன் மடிக்கணினியில் கையால் ஒரு சர்வர் பிரிவு முகவரியைத் தட்டினால் அடுத்த நொடி அங்கே இருப்பார். தவிர, ஒரே கம்பியில் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் சேவை) யாருக்கு எந்தப் பிரிவில் முகவரி தருவது என்று தெரியாமல் திண்டாடும்.

உண்மையாகப் பிரிக்க வேண்டுமானால் வீலேன் தேவை, அதற்கு மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய ஸ்விட்ச், தேவை. கணினி செருகும் போர்ட் ஒரே ஒரு வீலேனில் இருக்கும். ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் போர்ட் எல்லா வீலேனையும் சுமக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் (ஸ்விட்ச் கடத்தும் தரவுத் துண்டிலும்) இது எந்த வீலேன் என்று ஒரு குறி ஒட்டப்படும். ஒரு வீலேனுக்கு ஒரு சப்நெட் என்ற பழக்கத்தை மீறாதீர்கள்.

பிரித்து முடித்தேன். ஆனால் வைஃபையிலிருந்து சர்வருக்கு இன்னும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதே?

போகத்தான் செய்யும். எல்லா சப்நெட்டுக்கும் கேட்வேயாக இருப்பது ஒரே ரவுட்டர். அதற்கு எல்லாப் பக்கமும் வழி தெரியும். பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் தொழில். தடுக்கச் சொல்லி யாரும் சொல்லாதவரை பல ரவுட்டர்கள் தடுக்காது. சப்நெட் பிரிப்பது கதவு வைப்பதற்கான நிலையை நிறுத்துவது மாதிரி. கதவு ஃபயர்வால் விதிதான். வைஃபையிலிருந்து உள் முகவரிகள் எதற்கும் அனுமதி இல்லை, இணையத்துக்கு மட்டும் அனுமதி. கேமராவிலிருந்து எங்கும் அனுமதி இல்லை, ரெக்கார்டரைப் பார்க்க ஊழியர் பக்கத்திலிருந்து மட்டும் அனுமதி. இந்த இரண்டு விதிகளை எழுதாமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். விதி எழுதிய பிறகு அந்தப் பிரிவில் உட்கார்ந்து நீங்களே பிங் செய்து பாருங்கள்.

புதுப் பிரிவில் கணினிகளுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது.

டிஎச்சிபி கிடைக்கவில்லை, அதனால் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி கேட்கும் முதல் கூவல் பிராட்காஸ்ட். ரவுட்டர் அதைத் தாண்ட விடாது. டிஎச்சிபி சர்வர் வேறு பிரிவில் இருந்தால் கூவல் அதன் காதில் விழாது. ரவுட்டரில் டிஎச்சிபி ரிலே அமையுங்கள். கூவலைக் கேட்ட ரவுட்டர், அந்தப் பிரிவில் உள்ள தன் முகவரியையும் எழுதி சர்வருக்கு நேராக அனுப்பும். அதைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவுக்கான முகவரி தருவது என்று சர்வர் தெரிந்துகொள்கிறது. சர்வரில் அந்தப் பிரிவுக்கு முகவரித் தொகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரவுட்டரே டிஎச்சிபி தருகிறது என்றால் ரிலே தேவையில்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொகுப்பு போதும்.

ஒரு கருவியில் மட்டும் மாஸ்க் தப்பாக இருந்தால் என்ன ஆகும்?

இதைப் பற்றி நிறையப் பேசலாம், ஏனென்றால் பட்டிருக்கிறேன்.

மேலே சொன்ன மாதிரிதான் ஒரு /24-ஐப் பிரித்திருந்தேன். பிரிண்டரை .230-க்கு மாற்றினேன், கேட்வேயை .225 என்று மாற்றினேன். அதன் சின்னத் திரையில் அம்புக்குறியை அமுக்கி அமுக்கிக் கை வலித்துப்போனதாலோ என்னவோ, மாஸ்க் பழைய 255.255.255.0-ஆகவே நின்றுவிட்டது. மறுநாள் ஊழியர் பக்கத்திலிருந்து அச்சு எடுக்க முடியவில்லை. பிங் செய்தாலும் பதில் இல்லை. ஆனால் அதே பிரிண்டரில் ஸ்கேன் செய்தால் மின்னஞ்சல் ஒழுங்காகப் போகிறது! பக்கத்திலிருந்த சர்வரிலிருந்து பிங்கும் போகிறது. ஃபயர்வால் விதியைத்தான் சந்தேகப்பட்டேன். அதை மாற்றி மாற்றிப் பார்த்ததில் அரை நாள் போயிற்று.

நடந்தது இது. ஊழியரின் கணினி .150. அதன் மாஸ்க் சரி, .230 வெளியே இருப்பதாக உணர்ந்து ரவுட்டரிடம் கொடுத்தது. ரவுட்டர் பிரிண்டரிடம் சேர்த்தது. பிரிண்டர் பதில் சொல்ல வேண்டும். அதன் மாஸ்க்படி .0 முதல் .255 வரை எல்லாமே தன் வயல். எனவே .150-ஐத் தன் பக்கத்திலேயே தேடிக் கூவியது. கடைசியில் ஸ்விட்சில் அந்த போர்ட்டை மிரர் செய்து, அதாவது அதில் போவதை நகலெடுத்து, பார்த்தபோது, "192.168.10.150 யாரிடம் இருக்கிறது? 192.168.10.230-க்குச் சொல்லுங்கள்" என்ற ஆர்ப் கேள்வி (ஒரு ஐபி முகவரி எந்தக் கருவியிடம் என்று தேடும் கூவல்) மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பதில் சொல்ல .150 அந்த வீலேனிலேயே இல்லை. மின்னஞ்சல் சர்வரின் முகவரி 192.168.10-இல் இல்லாததால், அதற்கு மட்டும் பிரிண்டர் ஒழுங்காகக் கேட்வேயைத் தேடிப் போயிருக்கிறது.

ஆக, இணையம் வருகிறது, பக்கத்தில் உள்ளது பேசுகிறது, பக்கத்துப் பிரிவு மட்டும் பேசவில்லை என்றால் மாஸ்க் தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில ரவுட்டர்களில் பிராக்ஸி ஆர்ப் ஓடிக்கொண்டிருக்கும். அது .150-க்காகத் தானே பதில் சொல்லி இந்தத் தவற்றை மூடி மறைத்துவிடும். என்றைக்காவது ரவுட்டரை மாற்றும்போது பூதம் கிளம்பும்.

மாஸ்க் தேவையைவிடக் குறுகலாக இருந்தால் கதை வேறு. பக்கத்து மேசைக் கணினியையும் வெளியே என்று நினைத்து எல்லாவற்றையும் ரவுட்டரிடம் கொடுக்கும். ரவுட்டர் வந்த வழியே திருப்பி அனுப்பும். பெரும்பாலும் வேலை நடந்துவிடும். பதில் மட்டும் ரவுட்டரைத் தொடாமல் நேராக வரும் என்பதால், நடுவில் இருப்பது ஃபயர்வாலாக இருந்தால் பாதி உரையாடலை மட்டும் கேட்டுக் குழம்பி இணைப்பை வெட்டக்கூடும்.

பிரித்ததிலிருந்து கைபேசியில் பிரிண்டரே தெரியவில்லை. முகவரியைத் தட்டினால் வருகிறது.

தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை (எம்டிஎன்எஸ்) 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு ஒருசேரப் போகும்) முகவரிக்குக் குரல் கொடுப்பது. அது ஒரு சப்நெட்டைத் தாண்டாது. பல ரவுட்டர்களில் எம்டிஎன்எஸ் ரிஃப்ளெக்டர் அல்லது ரிப்பீட்டர் என்று ஒரு வசதி இருக்கும். எந்த இரண்டு பிரிவுக்கு இடையே வேண்டுமோ அதற்கு மட்டும் போடுங்கள். முகவரியைத் தட்டினாலும் வரவில்லை என்றால் பிரச்சினை வேறு, முந்தைய பதிலைப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கை எப்படி மாற்றுவது?

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்ற ஆசைப்படாதீர்கள். முதலில் கையால் முகவரி வைத்த கருவிகளின் பட்டியல்: பிரிண்டர், கேமரா, ரெக்கார்டர், வருகைப் பதிவுக் கருவி, யாரும் நினைவில் வைத்திராத அந்தப் பழைய சர்வர். டிஎச்சிபியில் இருப்பவை தாமாக வந்துவிடும், இவைதான் இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட வைக்கும்.

அடுத்தது லீஸ் நேரம், அதாவது டிஎச்சிபி தந்த முகவரி செல்லுபடியாகும் காலம். விண்டோஸ் சர்வரில் வழக்கமான லீஸ் 8 நாள். கணினி பாதி நேரம் கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும். மாற்றத்துக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே லீஸை அரை மணி நேரமாகக் குறைத்துவிட்டால், மாற்றும் நாளில் கருவிகள் சீக்கிரம் புது முகவரிக்கு வந்துவிடும். பிறகு பழையபடி கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பிரிவாக. பாதிப்பு குறைந்ததில் தொடங்குங்கள். வந்துபோகிறவர்களின் வைஃபை அதற்கு ஏற்றது. சர்வர் பிரிவு கடைசியில். சர்வரின் முகவரி மாறினால், பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லி அதைத் தேடும் நிரல்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். முடிந்தால் சர்வரின் முகவரியை மாற்றாமல், அதைச் சுற்றி மற்றதைப் பிரியுங்கள்.

/24 நிரம்பிவிட்டது. பெரிதாக்க முடியுமா?

முடியும், பக்கத்து /24 காலியாக இருந்தால். 192.168.10.0/23 என்றால் 192.168.10.0 முதல் 192.168.11.255 வரை, 510 கருவிகள். மூன்றாவது எண் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், 192.168.11.0/23 என்று ஒன்று கிடையாது. 11 நிரம்பினால் 12-ஐச் சேர்க்க முடியாது, 10-ஐத்தான் சேர்க்க வேண்டும்.

ரவுட்டரின் மாஸ்க்கை முதலில் மாற்றுங்கள், டிஎச்சிபியை அடுத்து, கையால் வைத்தவற்றைக் கடைசியில். இந்த வரிசையில் போனால், இன்னும் /24-இல் இருப்பவை 11-இல் உள்ளவற்றை ரவுட்டர் வழியாகவாவது அடைந்துகொண்டிருக்கும். நடுவில் வரும் 192.168.10.255-உம் 192.168.11.0-உம் /23-இல் சாதாரண முகவரிகள்தான். ஆனாலும் யாருக்கும் கொடுக்காதீர்கள், சில பழைய கருவிகள் அவற்றைப் பார்த்து முரண்டு பிடிக்கும்.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

ஒரு தாள் போதும்: வீலேன் எண், சப்நெட், கேட்வே, டிஎச்சிபி தரும் வரம்பு, கையால் வைத்த முகவரி ஒவ்வொன்றும் எந்தக் கருவி, எந்த இடம். கேட்வே எல்லாப் பிரிவிலும் முதல் முகவரி என்று ஒரே பழக்கமாக வையுங்கள். காலியாக விட்ட தொகுதியையும் 'காலி' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அதை மறந்துபோனது என்று நினைத்து நிரப்பிவிடுவார்.

ஐபி பதிப்பு 6-இலும் இதே கணக்கா?

இல்லை, அங்கே கணக்கே தேவைப்படாது. ஒவ்வொரு சப்நெட்டுக்கும் /64, அதில் 1,84,467 கோடி கோடிக்கும் மேல் முகவரிகள். கருவிகளை எண்ணிப் பார்த்து அளவு குறைக்கும் வேலை இல்லை. குறைக்கவும் கூடாது, /64-ஐவிடச் சின்னதாக்கினால் கருவிகள் தாமாக முகவரி அமைத்துக்கொள்ளும் வசதி வேலை செய்யாது. சேவை நிறுவனம் /56 தந்தால் உங்களிடம் 256 சப்நெட்டுகள். ஒரே ஒரு /64 மட்டும் தந்தால் பிரிக்க இடமில்லை, பெரிய தொகுதி கேளுங்கள். வீலேன், ஃபயர்வால் விதி இரண்டும் இங்கேயும் அப்படியே தேவை. பதிப்பு 4-க்கு மட்டும் விதி எழுதிவிட்டு இதை மறந்தால், வைஃபையில் இருப்பவர் பூட்டிய கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக சர்வருக்கு வந்துவிடுவார்.